மூன்று சிவப்பு விளக்குகள்: எக்ஸ்பாக்ஸ் 360 ஏன் செத்தது, துண்டு சுற்றியதும் ஏன் பிழைத்தது

2007 ஜூலை 5 அன்று மைக்ரோசாஃப்ட் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலின் முகப்பில் மூன்று சிவப்பு விளக்குகள் மினுக்கி அது நின்றுபோனால், வாங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு வரை இலவசமாகச் சரிசெய்து தருவோம் என்றது. ஏற்கெனவே கையிலிருந்து காசு கொடுத்துச் சரிசெய்தவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்கும் என்றது. இதற்காக அந்தக் காலாண்டுக் கணக்கில் 105 கோடி முதல் 115 கோடி டாலர் வரை செலவெழுதுவதாகவும் சொன்னது. விளையாட்டுக் கன்சோல் வரலாற்றில் ஒரே ஒரு பழுதுக்காக ஒரு நிறுவனம் இவ்வளவு பெரிய தொகையை எழுதித்தள்ளியது அதற்கு முன் நடந்ததில்லை.

காரணம் என்ன என்பதை மட்டும் அந்த அறிவிப்பு சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் துண்டு சுற்றும் வைத்தியமும், போல்ட் நட்டு வைத்தியமும், ஹீட் கன் வைத்தியமும் முளைத்தன. "ஓவர் ஹீட் ஆகி சால்டர் விட்டுப்போச்சு" (சால்டர் என்பது சில்லுகளைப் போர்டோடு ஒட்டும் உலோகக் கலவை) என்ற விளக்கம் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் பாதிதான் சரி. தவறான அந்த மறுபாதிக்கு எதிரான சாட்சி அந்த வைத்தியங்களுக்குள்ளேயே இருக்கிறது.

அவசரமாக வந்த பெட்டி

2001 நவம்பரில் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ், சோனியின் பிளேஸ்டேஷன் 2 சந்தையைப் பிடித்து ஒன்றரை ஆண்டு கழித்தே கடைக்கு வந்தது. அந்தப் பின்தங்கலை அது கடைசிவரை ஈடுகட்டவில்லை. அடுத்த சுற்றில் சோனியை முந்தியே தீர்வது என்று மைக்ரோசாஃப்ட் முடிவெடுத்தது. 2005 நவம்பர் 22 அன்று வட அமெரிக்கா, டிசம்பர் 2 அன்று ஐரோப்பா, டிசம்பர் 10 அன்று ஜப்பான் என மூன்று வாரத்துக்குள் மூன்று கண்டங்களில் 360 இறங்கியது. பிளேஸ்டேஷன் 3 வந்தது 2006 நவம்பரில். ஓராண்டு முன்னிலை கிடைத்தது. அதற்கான விலை பின்னால் வந்தது.

உள்ளே இருந்தவை இரண்டு பெரிய சில்லுகள். ஒன்று ஐபிஎம் உடன் சேர்ந்து செய்த, மூன்று கோர்கள் கொண்ட 3.2 கிகாஹெர்ட்ஸ் சிபியு, அதாவது மையச் செயலி. மற்றொன்று ஏடிஐ வடிவமைத்த 500 மெகாஹெர்ட்ஸ் ஜிபியு, அதாவது திரைக் காட்சியை வரையும் சில்லு. இரண்டுமே 90 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் செய்தவை (இந்த எண் குறையக் குறையச் சில்லு சிறிதாகும், சூடும் குறையும்). பெட்டியோடு வந்த பவர் பிரிக், அதாவது வெளியே இருக்கும் மின் அடாப்டர், 203 வாட். இவ்வளவையும் மெலிந்த, இடுப்பு ஒடுங்கிய ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்தார்கள்.

மூடியைக் கழற்றிப் பார்த்தால் சிக்கல் கண்ணில் படும். சிபியு மேல் வெப்பக் குழாய் வைத்த உயரமான ஹீட்சிங்க் (சூட்டை உறிஞ்சி வெளியேற்றும் உலோகப் பாகம்) இருக்கிறது. ஜிபியு மேல் இருப்பதோ தட்டையான ஒரு அலுமினியத் துண்டு. காரணம், அதற்கு நேர் மேலே டிவிடி டிரைவ் உட்கார்ந்திருக்கிறது, உயரத்துக்கு இடமில்லை. விசிறிக் காற்றும் ஒரு பிளாஸ்டிக் கூண்டு வழியாக இரண்டாகப் பிரிந்து போகிறது. வரவேற்பறையில் டிவிக்குப் பக்கத்தில் வைக்கும் பொருள் இரையக் கூடாது என்பதால் விசிறிகளையும் மெதுவாகவே ஓடவிட்டார்கள். ஆக, சூடு பிடிப்பதில் முதல் ஆள் ஜிபியு.

ஆனால் சூடு பிடிப்பதும் சாவதும் ஒன்றல்ல. அதிக வெப்பத்தைக் காட்ட இந்தக் கன்சோலுக்குத் தனி அடையாளம் உண்டு: இடது பக்கம் இரண்டு சிவப்பு விளக்குகள். வெப்பம் எல்லையைத் தாண்டினால் அது தானே அணைந்து அந்த இரண்டைக் காட்டும், ஆறவைத்தால் எழுந்துவிடும். மூன்று விளக்கு வேறு கதை.

விளக்குகள் சொல்வது என்ன

பவர் பட்டனைச் சுற்றி நான்கு கால்வட்ட விளக்குகள் இருக்கின்றன. மேல் வலது மட்டும் அணைந்து மற்ற மூன்றும் சிவப்பாக மினுக்கினால் "பொதுவான வன்பொருள் பழுது". நான்கும் மினுக்கினால் டிவிக்குப் போகும் ஏவி கேபிள் ஒழுங்காகச் செருகப்படவில்லை, அவ்வளவுதான். கீழ் வலது ஒன்று மட்டும் எரிந்தால் திரையில் ஒரு எண் வரும். அதில் பேர்போனது இ74. இ74-க்கும் மூன்றாண்டு உத்தரவாதத்தை 2009 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் நீட்டித்தது, அதாவது அந்தப் பழுதும் ஏறக்குறைய அதே குடும்பம்.

மூன்று விளக்கு வந்ததும் முதலில் பவர் பிரிக்கைப் பார்க்க வேண்டும். பிரிக்கில் இருக்கும் விளக்கு கன்சோல் ஓடும்போது பச்சை, சும்மா இருக்கும்போது ஆரஞ்சு. சிவப்பானால் கோளாறு பிரிக்கில் இருக்கலாம். சுவரிலிருந்து பிடுங்கி, ஆறவிட்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லாமல் நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஹார்டு டிஸ்கையும் கழற்றிவிட்டு ஒருமுறை பார்ப்பது நல்லது. இந்த இரண்டும் இல்லையென்றால்தான் மதர்போர்டு.

அடுத்த படி பலருக்குத் தெரியாதது. மூன்று விளக்கு மினுக்கும்போது, முகப்பில் கன்ட்ரோலரை இணைக்க இருக்கும் சிறிய வெள்ளைப் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு டிஸ்க் வெளியேற்றும் பட்டனை ஒரு முறை தட்ட வேண்டும். விளக்குகள் மாறி முதல் இலக்கத்தைக் காட்டும். நான்கு விளக்கும் எரிந்தால் 0, ஒன்று எரிந்தால் 1, இரண்டு 2, மூன்று 3. பிடித்த கையை விடாமல் இன்னும் மூன்று முறை தட்டினால் மீதி மூன்று இலக்கங்கள் கிடைக்கும். ஐந்தாவது தட்டில் பழையபடி மூன்று சிவப்புக்குத் திரும்பிவிடும். இந்த நான்கு இலக்கம் இல்லாமல் ஸ்குரூடிரைவரைக் கையில் எடுப்பது வீண் வேலை.

பெரும்பாலான பெட்டிகளில் வந்த எண் 0102. பழுது பார்க்கிறவர்கள் மத்தியில் அதற்கு ஒரே பொருள்தான்: ஜிபியு இணைப்பு விட்டுப்போயிருக்கிறது.

எந்த இணைப்பு?

இங்கேதான் பாதை பிரிகிறது. ஜிபியு என்று நாம் சொல்வது ஒரு பொருள் அல்ல, அடுக்கு. மேலே சிலிக்கான் சில்லு. அதன் கீழ்முகத்தில் மயிரிழை அளவே உயரமுள்ள சால்டர் மணிகள், இவற்றுக்கு பம்ப் என்று பெயர். அவை சில்லைப் பச்சை நிற அடித்தகட்டோடு இணைக்கின்றன. அந்த அடித்தகட்டின் கீழே சுமார் அரை மில்லிமீட்டர் பெரிய சால்டர் பந்துகள். அவை அடித்தகட்டை மதர்போர்டோடு இணைக்கின்றன. ஆக, சால்டர் இணைப்பு இரண்டு மாடியில் இருக்கிறது. ஊரெல்லாம் பேசியது கீழ்மாடி. பெரும்பாலும் உடைந்ததோ மேல்மாடி.

கீழ்மாடியைச் சந்தேகித்ததற்குக் காரணம் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈயத் தடை 2006 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைகள் அதற்கு முன்பே ஈயமில்லாத சால்டருக்கு மாறிக்கொண்டிருந்தன. பழைய ஈய சால்டர் 183 டிகிரியில் உருகும், கொஞ்சம் நெகிழும். வெள்ளீயம், வெள்ளி, செம்பு கலந்த புதியது 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், விறைப்பானது. அதோடு ஹீட்சிங்கைப் பிடித்திருந்த விதமும் கோணல். மதர்போர்டின் அடியில் எக்ஸ் வடிவ ஸ்பிரிங் தகடு ஒன்று இருக்கிறது. அது நான்கு மூலையையும் கீழே இழுத்து, நடுவில் மேல்நோக்கித் தள்ளுகிறது. சூடேறும்போது போர்டு லேசாக வளைகிறது. புது சால்டர், வளையும் போர்டு, கூடவே சூடு. கதை கச்சிதமாகப் பொருந்தியதால் எல்லோரும் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

மேல்மாடிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சிலிக்கான் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 3 பங்கு விரியும். அடித்தகடு சுமார் 16 பங்கு விரியும். வித்தியாசம் 13. ஜிபியு சில்லின் பரப்பு சுமார் 180 சதுர மில்லிமீட்டர். நடுவிலிருந்து மூலைக்குத் தூரம் ஏறக்குறைய 9.5 மில்லிமீட்டர். அறை வெப்பத்திலிருந்து ஆட்டத்தின் நடுவே இருக்கும் வெப்பம் வரை 50 டிகிரி ஏற்றம் என்று வைத்தால், மூலையில் இருக்கும் பம்பின் தலைக்கும் காலுக்கும் இடையே சுமார் 6 மைக்ரான் இழுபறி. பம்பின் மொத்த உயரமே நூறு மைக்ரானுக்குள்தான். ஒவ்வொரு முறை பவர் போட்டு அணைக்கும்போதும் அந்த மணி ஒரு பக்கம் இழுபட்டு மறுபக்கம் திரும்புகிறது. கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பதைப் போலத்தான், எண்ணிக்கை சேரச் சேர ஒரு நாள் விரிசல் விடும்.

இதைத் தடுக்கத்தான் சில்லுக்கும் தகட்டுக்கும் இடையில் அண்டர்ஃபில் என்ற நிரப்புப் பசையை ஊற்றி இறுக்குகிறார்கள். பாரத்தை மணிகள் மட்டும் தாங்காமல் பசையும் பகிர்ந்துகொள்ளும். ஆனால் இந்தப் பசைக்கு ஒரு வெப்ப எல்லை உண்டு. அதைத் தாண்டினால் கண்ணாடி போல் இருந்தது ரப்பர் போல் ஆகிவிடும். பிடிப்பு போகும், அது மட்டுமல்ல, பசையே பல மடங்கு அதிகமாக விரிந்து மணிகளை மேலும் இழுக்கும். அந்த எல்லை சில்லின் வேலை வெப்பத்துக்குள்ளேயே விழுந்தால், காக்க வைத்ததே உடைக்கத் தொடங்கும். அந்தக் காலச் சில்லுகளில் நடந்தது இதுதான் என்பது ஜிபியு மாற்றும் வேலையில் ஊறியவர்களிடையே இப்போது ஏறக்குறைய ஒருமித்த கருத்து. இது 360-ஐ மட்டும் பிடித்த நோயுமல்ல. 2008 ஜூலையில் என்விடியா தன் லேப்டாப் சில்லுகளின் பழுதுக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை செலவெழுதியதும் சில்லுப் பொதியின் (சில்லும் அடித்தகடும் சேர்ந்த கட்டு) பொருள் கோளாறுக்காகவே. பிளேஸ்டேஷன் 3-இன் ஆரம்ப மாடல்களைக் கொன்ற மஞ்சள் விளக்கும் இதே உறவுக்காரன்தான்.

2021-இல் மைக்ரோசாஃப்ட் தானே வெளியிட்ட ஆவணப்படத்தில் அன்றைய வன்பொருள் பொறியாளர்கள் வாய் திறந்தார்கள். உடைந்த இணைப்புகள் பாகங்களின் உள்ளே இருந்தன, கொன்றது உச்ச வெப்பம் அல்ல, சூடாகி ஆறி மறுபடி சூடாகும் சுழற்சி என்றார்கள். நாளெல்லாம் ஓடிய பெட்டியைவிட, தினம் நான்கு முறை போட்டு அணைத்த பெட்டிக்கே ஆபத்து அதிகம்.

இன்னொரு தடயம் எல்லோர் கண்முன்னும் இருந்தது. மூன்று விளக்கு பெரும்பாலும் ஆட்டத்தின் உச்சத்தில் வரவில்லை. மறுநாள் காலை, ஆறிக் கிடந்த பெட்டியைப் போடும்போது வந்தது. அதற்கு முன் சில நாட்கள் திரையில் கட்டங்களும் கோடுகளும் தெரிந்து ஆட்டம் உறைந்திருக்கும். வெப்பம் அதிகமானதால் சாகிறது என்றால் குளிர்ந்த நிலையில் எழ வேண்டும். இங்கே நடந்தது தலைகீழ்: ஆறும்போது சுருங்கி விரிசல் திறந்தது.

வைத்தியங்கள்

துண்டு வைத்தியம்: கன்சோலைக் குளியல் துண்டால் இறுக்கிச் சுற்றி, காற்றுத் துளைகளை அடைத்து, பவர் போட்டு 15 முதல் 20 நிமிடம் வேகவைப்பது. பிறகு பிரித்து ஆறவைத்துப் போட்டால், ஆச்சரியம், பல பெட்டிகள் எழுந்தன. "உள்ளே சால்டர் உருகி ஒட்டிக்கொண்டது" என்று விளக்கம் சொன்னார்கள். உருக 217 டிகிரி வேண்டும். அதற்கு வெகு முன்பே கன்சோல் இரண்டு விளக்கைக் காட்டித் தன்னை அணைத்துக்கொள்ளும்; பிளாஸ்டிக் கூடு ஒருபோதும் அந்த வெப்பத்தைத் தாங்காது. ஆகவே சால்டர் உருகவே இல்லை. நடந்தது இதுதான்: பசை இளகி, எல்லாம் விரிந்து, விரிசலின் இரு முகங்களும் மறுபடி தொட்டுக்கொண்டன. தொட்டுக்கொண்டது, ஒட்டவில்லை. சில மணி நேரத்திலோ சில வாரத்திலோ மறுபடி மூன்று விளக்கு. நடுவில் மின்தேக்கிகளும் நினைவகச் சில்லுகளும் வீணாக வெந்தன. துணி சுற்றிய மின்சாதனத்தை ஓடவிடுவது தீ ஆபத்து என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எக்ஸ் தகட்டை எடுத்துவிட்டு போல்ட் போடும் வைத்தியம் கொஞ்சம் மதிப்பானது, ஏனென்றால் போர்டு வளைவு என்ற குறை உண்மையாகவே அங்கே இருந்தது. தகடுகளை நெம்பி எடுத்து, ஹீட்சிங்கின் பழைய தூண்களைக் கழற்றி, இரும்புச் சட்டத்தில் துளைகளைப் பெரிதாக்கி, எம்5 போல்ட்டும் வாஷரும் வைத்து ஹீட்சிங்கை நேராகச் சட்டத்தோடு இறுக்குவார்கள். பழைய வெப்பப் பேஸ்டைத் துடைத்துப் புதிது பூசுவதும் இதிலேயே அடங்கும். கெடும் இடங்கள் மூன்று. துளையிடும்போது தெறித்த இரும்புத்தூள் போர்டில் தங்கினால் ஷார்ட். நைலான் வாஷர் வைக்காமல் உலோக வாஷரை நேராகப் போர்டில் வைத்தாலும் ஷார்ட். மூன்றாவது, இறுக்கும் அளவு: நான்கு மூலையையும் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு மூலையை முதலிலேயே முழுக்க முறுக்கினால் சில்லின் ஓரம் உதிரும்; அதற்குப் பிறகு எந்த வைத்தியமும் இல்லை. இது வேலை செய்ததும் அழுத்தத்தால்தான். விரிசலை மேலிருந்து அமுக்கி மூடியது. அமுக்கும்வரை ஓடும்.

ஹீட் கன், அதாவது சூடான காற்றை ஊதும் கருவி, காட்டுவதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். சீரில்லாத சூட்டில் போர்டு முறுக்கிக்கொள்ளும், பொதிக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகிச் சில்லைப் பொரியவிடும், பக்கத்து நினைவகச் சில்லுகள் நகரும்.

ரீபால் என்பது உண்மையான தொழில்நுட்ப வேலை. கீழிருந்து முழுப் போர்டையும் முன்சூடேற்றி, மேலிருந்து ஜிபியுவை மட்டும் உருகுநிலைக்குக் கொண்டுபோய்த் தூக்கி, பழைய பந்துகளைச் சுத்தமாகத் துடைத்து, ஸ்டென்சில் வைத்து 0.6 மில்லிமீட்டர் பந்துகளைப் புதிதாக உருக்கி ஒட்டி, மறுபடி உட்கார வைப்பார்கள். கீழ்மாடி உடைந்திருந்தால் இது நிரந்தரத் தீர்வு. ஆனால் மேல்மாடியில் விரிசல் விட்ட சில்லுக்கு இதுவும் ஒரு விலையுயர்ந்த துண்டுதான்: பம்ப்களுக்கு நல்ல சூடு கிடைத்துச் சில மாதம் ஓடும். அங்கே நிரந்தரமாக ஒட்டவும் வழியில்லை. விரிசலின் முகங்களில் ஆக்சைடு படிந்திருக்கிறது, சுற்றிலும் பசை அடைத்திருப்பதால் அதை நீக்கும் ஃபிளக்ஸ் என்ற வேதிப்பொருள் உள்ளே எட்டாது. "ரீபால் செய்தேன், ஆறு மாதத்தில் திரும்ப வந்துவிட்டது" என்ற புகாரில் பெரும்பாலும் தவறு கைவேலையில் இல்லை.

ஒவ்வொரு வைத்தியமும் கொஞ்ச காலம் பலித்ததுதான் இந்த வழக்கின் பெரிய குழப்பம். சூடு, அழுத்தம் எதைக் கொடுத்தாலும் எழும் என்பதால் எல்லோரும் தங்கள் விளக்கமே சரி என்று நம்பினார்கள்.

நிறுவனம் செய்தது

ஆரம்பத்தில் மைக்ரோசாஃப்ட் சொன்ன பழுது விகிதம் 3 முதல் 5 சதவீதம், மின்னணுப் பொருட்களுக்கு வழக்கமான அளவு என்று. அமெரிக்காவில் முதலில் கொடுத்த உத்தரவாதம் 90 நாள். 2006 டிசம்பரில் அது ஓராண்டானது. அடுத்த ஜூலையில் மூன்றாண்டு. இந்த ஏற்றமே உண்மை விகிதத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஸ்குவேர்டிரேட் என்ற நீட்டித்த உத்தரவாத நிறுவனம் 2009-இல் 16,000 கன்சோல்களை வைத்துக் கணக்கெடுத்தபோது, இரண்டாண்டுக்குள் 360-இல் 23.7 சதவீதம், பிளேஸ்டேஷன் 3-இல் 10, நின்டெண்டோவின் வீ-யில் 2.7 பழுதானது தெரிந்தது. தனியே காசு கட்டி உத்தரவாதம் வாங்கியவர்களின் கணக்கு அது. என்றாலும் மூன்றுக்கும் ஒரே அளவுகோல்.

115 கோடியில் கூரியர் செலவு மட்டும் 24 கோடி டாலர் என்று அன்று எக்ஸ்பாக்ஸ் பொறுப்பில் இருந்த பீட்டர் மூர் பின்னாளில் சொன்னார். அன்றைய மைக்ரோசாஃப்ட் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் முன்னால் தொகையைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் ஒப்புதல் கிடைத்தது என்றும் சொன்னார். வணிகக் கணக்கில் அது சரியான முடிவு: ஹேலோ 3 என்ற பெரிய விளையாட்டு அந்த செப்டம்பரில் வரவிருந்தது. இறந்த பெட்டி வைத்திருப்பவர் ஆட்டத்தை வாங்க மாட்டார். அடுத்த கன்சோலை நிச்சயம் சோனியிடம் வாங்குவார்.

போர்டு அளவில் மாற்றம் படிப்படியாக வந்தது. பழுதுபார்த்துத் திரும்பிய பெட்டிகளில் ஜிபியு ஹீட்சிங்கிலிருந்து ஒரு வெப்பக் குழாய் நீண்டு, சிபியு பக்கம் இன்னொரு சிறிய ஹீட்சிங்கைத் தொட்டது. சில்லுகளின் மூலைகளில் எபாக்ஸி பசை வந்தது. ஹெச்டிஎம்ஐ சேர்ந்த ஸெஃபைர் போர்டிலும் இதே ஏற்பாடுதான், சில்லு பழையதே. 2007 இறுதியில் வந்த ஃபால்கனில் சிபியு 65 நானோமீட்டராகச் சுருங்கியது. ஜிபியு 65-க்கு வந்தது 2008 இறுதியின் ஜாஸ்பரில். அதோடுதான் மூன்று விளக்குப் புகார் உண்மையாகக் குறைந்தது. 2010-இல் வந்த ஸ்லிம் மாடலில் சிபியுவும் ஜிபியுவும் 45 நானோமீட்டரில் ஒரே சில்லாயின. அதன் முகப்பில் சிவப்புக் கால்வட்டங்களையே எடுத்துவிட்டார்கள், புத்திசாலிகள்.

இன்று பழைய 360 ஒன்றைத் தேடுபவருக்கு இந்த வரலாற்றில் பயன்படுவது பின்பக்க லேபிளில் இருக்கிறது. 12 வோல்ட்டுக்கு எதிரே 16.5 ஆம்பியர் என்று இருந்து ஹெச்டிஎம்ஐ துளை இல்லையென்றால் அது முதல் போர்டான ஸெனான், 16.5-உம் ஹெச்டிஎம்ஐயும் இருந்தால் ஸெஃபைர். இரண்டையும் விளையாட வாங்க வேண்டாம். 14.2 என்றால் ஃபால்கன், அல்லது ஹெச்டிஎம்ஐ இல்லாத அதன் உடன்பிறப்பு ஓபஸ். 12.1 என்றால் ஜாஸ்பர்; ஸ்லிம்முக்கு முந்தைய வெள்ளைப் பெட்டி வேண்டுமென்றால் அதையே எடுக்கலாம். விற்பவர் முன்கூட்டியே ஓடவிட்டுக் காட்டுவதை நம்பாமல், பெட்டி தொட்டால் குளிர்ந்திருக்கும் நிலையில் போடச் சொல்ல வேண்டும். காற்றுத் துளைகள் வழியாக டார்ச் அடித்துப் பார்த்து, உள்ளே சட்டத் துளைகளில் தொழிற்சாலை ஸ்குரூவுக்குப் பதில் அறுகோண போல்ட் தலை தெரிந்தால், யாரோ ஏற்கெனவே வைத்தியம் பார்த்த பெட்டி அது. ஸெனான்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் சேகரிப்பாளர்களுக்கு ஒரே நிலையான வழி, பழைய ஜிபியுவை எடுத்துவிட்டுப் பிற்காலத்துச் சில்லை அதே போர்டில் உட்கார வைப்பது.